ராஜபாளையத்துக்கு நேர் தெற்கே ஓர் ஓசோன் ஓட்டை... அதுக்கும் உங்க வீட்டு பழைய ஏசிக்கும் என்ன சம்பந்தம்?

மொபைலில் மேப்பைத் திறங்க. ராஜபாளையத்தில் விரலை வைத்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயாமல் நேர் தெற்கே இழுத்துக்கொண்டே போங்க. சங்கரன்கோவில் வரும், கன்னியாகுமரி வரும், அதற்குப் பிறகு கடல்தான். வழியில் ஆம்ஸ்டர்டாம் தீவு என்று பிரான்ஸுக்குச் சொந்தமான ஒரு குட்டித் தீவு. அதைத் தாண்டினால் மறுபடியும் கடல். சுமார் 8,800 கிலோமீட்டர் போன பிறகு பனி மூடிய அண்டார்டிகா. அந்தக் கோடு கரையைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில்தான் இந்தியாவின் 'பாரதி' ஆய்வு நிலையம் 2012 முதல் இயங்குகிறது.

இப்போ அதே கோட்டை ராஜபாளையத்திலிருந்து வடக்கே இழுங்க. ஸ்ரீவில்லிபுத்தூரைக் கிழக்கே விட்டுவிட்டு மலைகளைத் தாண்டினால் கொடைக்கானல். 1950-களின் இறுதியிலிருந்து வானத்தில் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று அளந்துவந்த ஊர் அது.

ஆக, ஒரே கோட்டில் ஒரு முனையில் ஓசோனை அளந்த மலை, இன்னொரு முனையில் ஓசோன் காணாமல்போகும் வானம். நடுவில் நீங்க. உங்க வீட்டு ஃப்ரிட்ஜும் ஏசியும். இந்த மூன்றுக்கும் இருக்கும் தொடர்பைத்தான் இப்போ பார்க்கப்போறோம்.

முதல்ல, ஓசோன்னா என்ன?

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் 2 அணுக்கள். ஓசோனில் 3 அணுக்கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால், அந்த ஒரு கூடுதல் அணு செய்யும் வேலை பெரிது. தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசோன், சூரியனிலிருந்து வரும் புற ஊதாக் கதிர்களில் மோசமானவற்றைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. அது இல்லாவிட்டால் தோல் புற்றுநோய், கண்புரை என மனிதர்களுக்கும், பயிர்களுக்கும், கடலில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும் பாதிப்பு.

'படலம்' என்றதும் கெட்டியான போர்வையைக் கற்பனை செய்யாதீங்க. நம் தலைக்கு மேலே இருக்கும் மொத்த ஓசோனையும் தரைக்குக் கொண்டுவந்து அழுத்தி வைத்தால், அதன் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர்தான். இதை 300 டாப்சன் அலகு என்பார்கள். ஓசோனை அளக்கும் கருவியை உருவாக்கிய பிரிட்டிஷ் விஞ்ஞானி கார்டன் டாப்சனின் பெயர் அது. கொடைக்கானலில் பயன்படுத்தியதும் அவர் வடிவமைத்த வகைக் கருவியைத்தான்.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சியை வளர்த்தவர்களில் முக்கியமானவர், பாலக்காடு கல்பாத்தியில் 1893-ல் பிறந்த கே.ஆர்.ராமநாதன். சர்.சி.வி.ராமனின் மாணவர். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். சர்வதேச ஓசோன் ஆணையத்துக்குத் தலைவராகவும் இருந்தவர்.

நல்ல கேஸ்னு நினைச்சாங்க!

ஆரம்பகால ஃப்ரிட்ஜ்களில் அமோனியா, சல்பர் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் இருந்தன. கசிந்தால் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து. 1928-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி தலைமையிலான குழு இதற்கு மாற்றாக சி.எஃப்.சி எனப்படும் குளோரோஃபுளோரோகார்பன்களைக் கொண்டுவந்தது. தீப்பிடிக்காது, விஷம் இல்லை, எதோடும் சட்டென்று வினைபுரியாது. இதைவிட வேறென்ன வேண்டும்? ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்பிரே டப்பா, மெத்தை ஃபோம், ஆஸ்துமா இன்ஹேலர் என எல்லா இடத்திலும் நுழைந்துவிட்டது.

இதே குடும்பத்தில் இன்னும் சிலர் உண்டு. தீயணைப்புக் கருவிகளில் இருந்த ஹாலோன், கிடங்குகளில் பூச்சிகொல்லியாகப் புகைபோடும் மீத்தைல் புரோமைடு, அப்புறம் கார்பன் டெட்ராகுளோரைடு. ராஜபாளையம் மாதிரி மில் ஊர்க்காரர்களுக்கு மெஷின் ஆயில் பட்ட துணி எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும். இந்திய ஜவுளித் துறையில் அந்த எண்ணெய்க் கறையை எடுக்கப் பயன்பட்டது கார்பன் டெட்ராகுளோரைடுதான். 2010 தொடக்கத்தோடு அந்தப் பயன்பாட்டை நிறுத்த வேண்டியிருந்தது.

'எதோடும் வினைபுரியாது' என்ற அந்த நல்ல குணமே பிறகு வினையாகிவிட்டது. மழை கரைக்காது, மண் உறிஞ்சாது, வெயிலும் கீழே இருக்கும்வரை உடைக்காது. பழைய ஃப்ரிட்ஜ்களில் இருந்த ஆர்-12 வாயு, வெளியே வந்தால் சுமார் 100 ஆண்டுகள் வளிமண்டலத்தில் இருக்கும்.

காற்றைவிட கனமான வாயு எப்படி மேலே போச்சு?

நியாயமான கேள்வி. சி.எஃப்.சி காற்றைவிடக் கனமானது. அப்போ கீழேதானே தங்கணும்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவதைப் பார்த்திருந்தால் பதில் சுலபம். பாலில் போட்ட சர்க்கரை அடியில் போய்த் தங்குவதில்லை. காரணம், கரண்டி நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வளிமண்டலத்தில் கரண்டியின் வேலையைக் காற்றோட்டம் செய்கிறது. எந்த ஊரில் கசிந்த வாயுவும் ஓரிரு ஆண்டுகளில் உலகம் முழுக்கக் கலந்துவிடும். ஐரோப்பாவில் அடித்த ஸ்பிரேயும், சென்னையில் கசிந்த ஏசி கேஸும் அண்டார்டிகா வானத்துக்குப் போய்ச் சேருவது இப்படித்தான்.

நல்ல உயரத்துக்குப் போனதும் கதை மாறுகிறது. அங்கே இருக்கும் கடுமையான புற ஊதாக் கதிர், சி.எஃப்.சி மூலக்கூறை உடைத்து, குளோரின் அணுவைத் தனியே பிரித்துவிடும். அந்தக் குளோரின் ஒரு ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிடுங்கிக்கொள்ளும். ஓசோன், சாதாரண ஆக்சிஜனாகிவிடும். பிறகு பிடுங்கியதை வேறொன்றிடம் கொடுத்துவிட்டு, குளோரின் மறுபடி ஃப்ரீ. அடுத்த ஓசோனைத் தேடிப் போகும். இப்படி ஒரே ஒரு குளோரின் அணு, தான் அடங்குவதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள்வரை அழிக்க முடியும்.

சரி... ஏன் துருவத்தில் மட்டும் ஓட்டை?

அண்டார்டிகாவில் ஏசியும் கிடையாது, ஸ்பிரே அடிப்பவர்களும் கிடையாது. ஆனாலும் அடி அங்கேதான் பலமாக விழுந்தது. இதைப் புரிந்துகொள்ள, கட்டிப்போட்ட ராஜபாளையம் நாயை நினைத்துக்கொள்ளுங்க.

மற்ற இடங்களில் மேலே இருக்கும் குளோரினில் பெரும்பகுதி வேறு சேர்மங்களுக்குள் அடங்கிக் கிடக்கும். சங்கிலியில் கட்டிய நாய் மாதிரி. இருக்கும், ஆனால் பாயாது. அண்டார்டிகாவில் அந்தச் சங்கிலி 3 கட்டங்களாக அவிழ்கிறது.

1. இருட்டு: ஜூன், ஜூலை மாதங்கள் அங்கே குளிர்காலம். சூரியனே வராது. கண்டத்தைச் சுற்றி பலமான காற்றுச் சுழல் உருவாகி, உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமல் அடைத்துவிடும். வெளியிலிருந்து வெப்பமான காற்றும் உள்ளே வராது.

2. குளிர்: அடைபட்ட காற்றின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி செல்சியஸுக்கும் கீழே இறங்கும். அப்போது அந்த உயரத்தில் நைட்ரிக் அமிலமும் பனியும் கலந்த மெல்லிய மேகங்கள் உருவாகும். இந்த மேகத் துகள்களின் மேல்தான் முக்கியமான வினை நடக்கிறது. அடங்கிக் கிடந்த குளோரின், சங்கிலி அவிழ்ந்து வெளியே வருகிறது. ஆனால், வெளிச்சம் இல்லாததால் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. அவிழ்த்தாச்சு, கேட் மட்டும் திறக்கவில்லை.

3. வெளிச்சம்: ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் சூரியன் திரும்பி வரும். கேட் திறந்தாச்சு! சில வாரங்களிலேயே குறிப்பிட்ட உயரங்களில் இருக்கும் ஓசோன் கிட்டத்தட்ட முழுக்கக் காலி.

நவம்பர், டிசம்பரில் காற்று சூடாகி, சுழல் உடைந்து, வெளியிலிருந்து ஓசோன் நிறைந்த காற்று வந்து பள்ளத்தை நிரப்பிவிடும். அடுத்த ஆண்டு திரும்பவும் முதலிலிருந்து. உண்மையில் இது துளை இல்லை, ஓசோன் மிக மெலிந்த பகுதி. 220 டாப்சன் அலகுக்குக் கீழே இறங்கினால் 'ஓட்டை' என்று கணக்கு. நாசா பதிவுகளின்படி 2000-ம் ஆண்டு செப்டம்பரில் ஒரு நாளில் இது சுமார் 3 கோடி சதுர கிலோமீட்டருக்கு விரிந்தது. இந்தியாவைப்போல 9 மடங்கு!

வட துருவத்திலும் இது நடக்கும். ஆனால், அந்தப் பக்கம் மலைகளும் நிலமும் கடலும் மாறிமாறி வருவதால் காற்றுச் சுழல் அடிக்கடி கலைந்துவிடும். குளிர் அவ்வளவு நீடிக்காது. 2011, 2020 போல மிகவும் குளிரான ஆண்டுகளில் மட்டும் அங்கேயும் பெரிய இழப்பு பதிவானது.

கண்டுபிடிச்சது யார்?

1974-ல் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் 'சி.எஃப்.சி ஓசோனை அழிக்கும்' என்று எழுதினார்கள். அப்போது அது கணக்கு மட்டுமே. தயாரிப்பு நிறுவனங்கள் ஏற்கவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டே இன்னொரு விஷயத்தைக் கண்டுபிடித்தவர், சென்னையில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் படித்த வீரபத்ரன் ராமநாதன். படிப்பு முடித்ததும் செகந்திராபாத்தில் குளிர்சாதனத் துறையில் வேலை. ஃப்ரிட்ஜ்களில் கேஸ் ஏன் கசிகிறது என்று பார்ப்பதுதான் அவர் டூட்டி. பிறகு அமெரிக்கா போய் ஆராய்ச்சியாளரானவர், 1975-ல் அதே வாயு பூமியைச் சூடாக்குவதிலும் கில்லாடி, ஒரு மூலக்கூறு சுமார் 10,000 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம் என்று காட்டினார்.

1985-ல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வுக் குழுவின் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்ளின் மூவரும் குண்டைப் போட்டார்கள். ஹேலி பே நிலையத்தில் 1950-களிலிருந்து டாப்சன் கருவியால் எடுத்த அளவுகளைப் பார்த்தபோது, வசந்த கால ஓசோனில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தது. அடுத்த ஆண்டே சூசன் சாலமன் குழு அண்டார்டிகா சென்று, மேகத்தின் மேல் நடக்கும் அந்த வினைக்கு ஆதாரம் சேகரித்தது. மோலினா, ரோலண்ட் இருவருக்கும் பால் க்ரூட்சனோடு சேர்த்து 1995-ல் நோபல் பரிசு.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. அண்டார்டிகாவில் நம் 'மைத்ரி' நிலையத்திலிருந்து இந்திய வானிலை ஆய்வுத் துறை பலூனில் கருவி கட்டிப் பறக்கவிட்டு ஓசோனை அளந்திருக்கிறது.

'அவங்க செஞ்ச தப்புக்கு நாங்க ஏன் காசு கொடுக்கணும்?'

1987 செப்டம்பர் 16. கனடாவின் மான்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதனால்தான் செப்டம்பர் 16 உலக ஓசோன் தினம். ஆனால், இந்தியா உடனே சேரவில்லை. காரணம் நியாயமானது. பல பத்தாண்டுகளாக சி.எஃப்.சி-யைக் கொட்டித் தீர்த்தவை பணக்கார நாடுகள். நம் ஊர்களில் பெரும்பாலான வீடுகளுக்கு ஃப்ரிட்ஜே வந்திராத நேரம் அது. வரும் நேரத்தில் 'கேஸை மாத்து, செலவை ஏத்துக்கோ' என்றால் எப்படி?

1990-ல் லண்டன் கூட்டத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இந்த வாதத்தை அழுத்தமாக வைத்தார். சீனாவும் அதே நிலைப்பாடு. முடிவில், வளரும் நாடுகளின் மாற்றத்துக்குப் பணக்கார நாடுகள் பணம் தரும் ஒரு நிதியம் உருவானது. 1992-ல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. நம் நாட்டில் சி.எஃப்.சி தயாரித்த நிறுவனங்கள் 4. அதில் ஒன்றின் ஆலை நம் மேட்டூரில். தயாரிப்பை நிறுத்த இந்தியாவுக்கு 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. கெடு 2010. ஆனால், 2008 ஆகஸ்ட்டிலேயே, 17 மாதங்கள் முன்னதாகவே இந்தியா நிறுத்திக் காட்டியது.

உலகின் எல்லா நாடுகளும் ஏற்ற ஒப்பந்தம் இது. பலனும் தெரிகிறது. உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து வெளியிட்ட 2022 மதிப்பீட்டின்படி, இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் ஓசோன் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும். உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில், வட துருவத்தில் 2045 வாக்கில், அண்டார்டிகாவில் 2066 வாக்கில்.

ஒப்பந்தமே இல்லாமல் போயிருந்தால்? நாசா விஞ்ஞானிகள் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். 2065-க்குள் உலகின் ஓசோனில் மூன்றில் இரண்டு பங்கு காலி. துருவத்தில் மட்டுமல்ல, ராஜபாளையத்தின் தலைக்கு மேலேயும்தான்.

குழப்பிக்காதீங்க!

*'ஓசோன் ஓட்டையாலதான் நம்ம ஊர்ல வெயில் கொளுத்துது.'* இல்லை. வெப்பத்துக்கு முக்கியக் காரணம் வேறு வாயுக்கள்.

*'ஓட்டையாலதான் எனக்கு டேன் ஆகுது.'* அதுவும் இல்லை. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் ஓசோன் இயல்பிலேயே கொஞ்சம் மெல்லியதுதான். ஓசோன் அதிகம் உருவாவது இங்கேதான் என்றாலும், மேலே இருக்கும் காற்றோட்டம் அதைத் துருவங்களை நோக்கித் தள்ளிவிடுகிறது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அதனால் புற ஊதாக் கதிர் நமக்கு எப்போதுமே அதிகம். குடை, தொப்பி, முழுக்கைச் சட்டை எல்லாம் ஓட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தேவை.

*'ஓசோன்னா சுத்தமான காற்று.'* மேலே இருந்தால் கவசம். தெருவில் வாகனப் புகையால் உருவானால், அதே ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல்.

மீதி இருப்பது நம்ம வீட்லதான்

தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனால், ஏற்கெனவே மெஷின்களுக்குள் அடைத்த வாயு அப்படியேதான் இருக்கிறது. ஓசோன் கதையின் கடைசி அத்தியாயம் இப்போது மாநாட்டு அரங்கில் இல்லை. உங்க மொட்டை மாடியிலும், ஊர்க் காயலாங்கடையிலும், ஏசி மெக்கானிக்கின் கையிலும் இருக்கிறது.

பழைய ஃப்ரிட்ஜ்: இந்தியாவில் புது ஃப்ரிட்ஜ்களில் சி.எஃப்.சி நிரப்புவது 2003 தொடக்கத்திலிருந்து தடை செய்யப்பட்டது. அதற்கு முந்தைய, தாத்தா காலத்து ஃப்ரிட்ஜ் வீட்டில் இருந்தால், அதில் ஆர்-12 இருக்க வாய்ப்பு அதிகம். இருப்பது 100, 150 கிராம்தான். ஆனால், செம்புக் குழாய்க்காக அதைச் சட்டென்று வெட்டினால், ஒரே நிமிடத்தில் ஒரு டன்னுக்கும் அதிகமான கார்பன் டை ஆக்சைடு வெளியிட்டதற்குச் சமமான சூடு. ஓசோனுக்கும் அடி. எடைக்குப் போடாமல் எக்ஸ்சேஞ்சில் கொடுங்க. மின்னணுக் கழிவு விதிகளின்படி பழைய ஃப்ரிட்ஜ், ஏசிக்கும் தயாரிப்பு நிறுவனங்களுக்குப் பொறுப்பு உண்டு.

பழைய ஏசி: வெளியே இருக்கும் யூனிட்டின் ஸ்டிக்கரைப் பாருங்க. ஆர்-22 என்று இருந்தால், அது எச்.சி.எஃப்.சி வகை. சி.எஃப்.சி அளவுக்கு மோசமில்லை, ஓசோனை அழிக்கும் திறன் அதில் சுமார் இருபதில் ஒரு பங்கு. ஆனாலும் அழிக்கும். இந்தியாவில் புது மெஷின்களில் இந்த வகை வாயுக்களை நிரப்புவது 2024-ம் ஆண்டோடு முடிந்தது. 2030 முதல், பழைய மெஷின்களின் சர்வீஸுக்கான சிறு அளவைத் தவிர, இந்த வாயுவே நிறுத்தப்பட வேண்டும்.

'வருஷா வருஷம் கேஸ் ஃபில் பண்ணணும் சார்': இதை நம்பாதீங்க. ஏசியில் இருக்கும் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கேயோ லீக். அதை அடைக்காமல் கேஸ் மட்டும் நிரப்பினால், உங்க காசும் சேர்ந்தேதான் காற்றில் போகும். 'முதல்ல லீக் எங்கேன்னு பாருங்கண்ணே, அடைச்சுட்டு நிரப்பலாம்' என்று சொல்லுங்க.

பழைய கேஸை என்ன செய்றாங்க? கம்ப்ரஸர் மாற்றும்போது உள்ளே இருக்கும் கேஸை அப்படியே திறந்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அதை சிலிண்டரில் திரும்பப் பிடிக்கும் ரெக்கவரி மெஷின் இருக்கிறது. மெக்கானிக்குகளுக்கு அரசுப் பயிற்சியும் உண்டு. அந்த மெஷின் வைத்திருப்பவரையே கூப்பிடுங்க. வாடிக்கையாளர் கேட்க ஆரம்பித்தால்தான் ஊரில் இன்னும் நாலு பேர் அதை வாங்குவார்கள்.

கேஸை மாற்றி நிரப்பாதீங்க: ஆர்-22 மெஷினில் மலிவாகக் கிடைக்கிறது என்று வேறு கேஸை அடைப்பது ஆபத்து. ஆர்-290 போன்ற சில புது வாயுக்கள் ஓசோனுக்கு நல்லவை, ஆனால் எளிதில் தீப்பிடிக்கும். அதற்கென்று வடிவமைத்த மெஷினில் மட்டுமே இருக்க வேண்டும்.

புதுசா வாங்கும்போது: இப்போது அதிகம் விற்கும் ஆர்-32 ஓசோனைத் தொடாது. ஆனால், பூமியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைவிட சுமார் 675 மடங்கு. முந்தைய ஆர்-410ஏ வாயுவுக்கு இது 2,000 மடங்குக்கும் மேல். ஓசோனைக் காப்பாற்றக் கொண்டுவந்த மாற்று வாயுக்களே அடுத்த பிரச்னை ஆனதால்தான் 2016-ல் கிகாலி திருத்தம் வந்தது. 2021-ல் இந்தியா அதை ஏற்றது. 2032-ல் தொடங்கி 2047-க்குள் இவற்றை 85% குறைக்க வேண்டும்.

அண்டார்டிகா வானம் முழுசாகச் சரியாகும் 2066-ல் இப்போ 20 வயசில் இருக்கும் நீங்க அறுபதுகளில் இருப்பீங்க. அந்தத் தேதி தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்ள பெரிய போராட்டம் எதுவும் வேண்டாம். அடுத்த முறை ஏசி சர்வீஸுக்கு ஆள் வரும்போது, ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'அண்ணே, உள்ள இருக்குற கேஸை என்ன பண்ணப்போறீங்க?'